மல்லாட்டைப் பால் பொங்குமா?

தம்பி, இதைப் பட்டறையில் நின்றுகொண்டு படிக்காதே. கையில் உளி இருந்தால் கீழே வைத்துவிட்டு உட்கார். எழுதுவது உன் அப்பன்தான். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் உன் குரலைக் கேட்டதும் என் வாய் சும்மா இருப்பதில்லை. "இன்னாடா, மாட்டு வக்கீலு, கேஸெல்லாம் எப்பிடிப் போவுது?" என்று ஆரம்பித்துவிடுகிறேன். நீயும் "வேலை கீதுப்பா, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த 'அப்பறம்' இன்னும் திண்டிவனம் பஸ் ஏறவில்லை. கடிதமாக இருந்தால் பாதியில் வைத்தாலும் மறுபடி எடுத்துப் படிக்கலாம் அல்லவா, அதற்காகத்தான் எழுதுகிறேன். ஏழாவதோடு நின்றவன் நான். பிழை இருந்தால் சிரித்துக்கொள், ஆனால் கடைசிவரை படி.

போன வாரம் மருமகள் பேசினாள். "மாமா, வூட்டு வேலை முடிஞ்சிடுச்சி. அடுத்த வார ஞாயித்துக்கிழம குடி போறோம். ஆனா பால் காய்ச்சறதெல்லாம் வேணாம்னு சொல்லிட்டாரு உங்க புள்ள. சாமான எடுத்துக்கினு உள்ள போனா போதுமாம்" என்றாள். நான் வழக்கம்போல, "விடும்மா, அவன் பால் காய்ச்சினா மாடுங்கல்லாம் குயிலாப்பாளையத்துக்கே வந்து மறியல் பண்ணும்" என்றேன். அவளும் சிரித்தாள். வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் தம்பி, கை வேலை செய்யவில்லை. கடையில் ஒரே டீ கிளாஸில் இரண்டு தடவை சர்க்கரை போட்டேன். வாங்கிக் குடித்த லாரி டிரைவர், "இன்னா மாஸ்டர், டீ கேட்டா பாயசம் குடுக்கற? வூட்டுல விசேஷமா?" என்றான். ஆமாம், விசேஷம்தான். எனக்குத்தான் அங்கே வேலையில்லை.

நம் வழக்கம் உனக்குத் தெரியும். மகன் வீடு கட்டினால் அடுப்பைப் பற்றவைப்பது பெற்றவர்கள். அம்மா பால் ஊற்றுவாள், அப்பன் நெருப்பு வைப்பான். அது பொங்கி வழிந்த பிறகுதான் அது வீடு, அதுவரைக்கும் வெறும் செங்கல். அதனால் நீ 'பால் வேண்டாம்' என்று சொன்னது என் காதில் 'அப்பன் வேண்டாம்' என்று விழுந்தது. நீ அப்படி நினைத்துச் சொல்லியிருக்க மாட்டாய், அது எனக்குத் தெரியும். இருந்தாலும் காது கேட்டதைக் கேட்டுவிட்டது.

தொண்ணூற்று மூன்றில் நாம் இந்த வீட்டுக்கு வந்ததைச் சொல்கிறேன். வீடு என்ன வீடு, கடைக்குப் பின்னால் ஒரு அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. ஆனால் உங்கம்மா அதை அரண்மனை மாதிரிதான் பெருக்கினாள். பங்குச் சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பதாகச் சொல்லியிருந்தார். அன்று காலையில் பால் வாங்க உன்னையும் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துப் பால்கார ஏழுமலை வீட்டுக்குப் போனேன். நீ அப்போது ஒன்றாம் வகுப்போ இரண்டோ. ஏழுமலையின் சிவப்பு மாடு ஒரு கன்றை நக்கிக்கொண்டு நின்றது. நீ ஓடிப்போய் அந்தக் கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டாய். அது அசையவே இல்லை. "அப்பா, இது ஏம்பா சும்மாவே நிக்குது?" என்று கேட்டாய். நான் என் வழக்கத்துக்கு, "அது நின்னுக்கினே தூங்குதுடா, எழுப்பாதே" என்றேன். ஏழுமலை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அது செத்துப்போன கன்றின் தோல். உள்ளே வைக்கோல் திணித்து, காலுக்குக் குச்சி வைத்துக் கட்டியது. கன்று செத்துவிட்டால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும், அந்தப் பொம்மையை முன்னால் நிறுத்தினால் நக்கிக்கொண்டே சுரந்துவிடும். பால் கறக்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். எனக்கு அதில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் பால்தான் நம் வீட்டில் பொங்கியது. உங்கம்மா குலவை போட்டாள், விழுப்புரத்திலிருந்து வந்த மேரி அத்தை கை தட்டினாள். எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு வாய் ஊற்றிக்கொடுத்தோம். நீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "கன்னுக்குட்டி எழுந்து குடிச்சிடுச்சா?" என்று கேட்டாய். அறை முழுக்கச் சிரிப்பு. அன்றைக்கு நான் சிரித்தது மாதிரி அதற்குப் பிறகு சிரித்திருக்கிறேனா என்று தெரியாது.

நீ அதன் பிறகு பல நாள் பால் வாங்கப் போகும்போதெல்லாம் அது எழுந்துவிட்டதா என்று பார்த்திருக்கிறாய். ஒரு நாள் வயிற்றுப் பக்கம் தையல் பிரிந்து வைக்கோல் தெரிந்திருக்கிறது. நீ வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. இதெல்லாம் எனக்கு நீ வளர்ந்து, ஐடிஐ முடித்து, குயிலாப்பாளையத்தில் வெள்ளைக்காரர்கள் நடத்துகிற தச்சுப் பட்டறைக்கு வேலைக்குப் போன பிறகுதான் தெரியும். நான் ஊரெல்லாம், "வெள்ளைக்காரனுங்க கூடச் சேந்து என் புள்ள பால விட்டுட்டான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். உங்கம்மாதான் ஒரு நாள், "வெள்ளைக்காரன் இன்னா பண்ணான், உங்க ஏழுமலை வூட்டு வைக்கோல் கன்னுதான் அவன மாத்திச்சி" என்று சொன்னாள். உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள். அவளிடம் எல்லாம் சொல்வாய். நான் கிண்டல் பண்ணுவேன் என்று என்னிடம் சொல்ல மாட்டாய். பண்ணத்தான் பண்ணியிருப்பேன்.

நீ முதல் தடவை டீயை மறுத்த நாள் நினைவிருக்கிறதா? பட்டறையிலிருந்து லீவில் வந்தாய். கடையில் நல்ல கூட்டம். உனக்கென்று ஏடு மிதக்க ஒரு ஸ்பெஷல் போட்டு நீட்டினேன். "எனக்குப் பால் ஊத்தாத டீ போதும்பா" என்றாய். கூட்டத்தில் ஒருத்தன், "இன்னா மாஸ்டர், சொந்தப் புள்ளைக்கே பால் கட்டு பண்ணிட்டியா?" என்றான். நானும் விடாமல், "ஆமா, கஞ்சப் பயன்னு பேரெடுக்கணுமில்ல" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, டிக்காஷனும் வெந்நீரும் கலந்து உன் முன்னால் வைத்தேன். வைக்கும்போது கிளாஸ் கொஞ்சம் சத்தமாகப் பட்டது. நீ கவனித்தாய்.

அது ஏன் என்று உனக்கு நான் சொன்னதில்லை. என் அம்மா வளவனூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் மாட்டுக் கொட்டகை கூட்டினவள். சாணி அள்ளுவது, தீவனம் வைப்பது, மாட்டைக் குளிப்பாட்டுவது எல்லாம் அவள். பால் மட்டும் பெரிய வீட்டுக்குப் போகும். எங்களுக்குக் கொல்லைப் பக்கம் கொட்டாங்குச்சியில் பால் இல்லாத டீத்தண்ணி ஊற்றுவார்கள், தூக்கி, கையில் படாமல். வீட்டில் கேப்பைக் கூழும் வெங்காயமும், மல்லாட்டை பிடுங்குகிற காலத்தில் அவித்த மல்லாட்டையும், டவுன்காரர்கள் வேர்க்கடலை என்பார்களே, அதுதான். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, நீ இங்கிலீஷில் வீகன் என்று ஒரு பேர் சொல்கிறாயே, அப்படித்தான் நான் பிறந்ததிலிருந்தே இருந்தவன். பேர் தெரியாமல் இருந்துவிட்டேன். கடை போட்டபோது நான் மனசில் வைத்துக்கொண்டது ஒன்றுதான்: என் பிள்ளை கிளாஸில் பால் நிறைய இருக்கணும். அந்தக் கிளாஸை நீ திருப்பி நீட்டினாய். உனக்கு அது மாட்டின் கதை. எனக்கு அது கொட்டாங்குச்சி. இரண்டு பேரும் ஒரே டீயைப் பார்த்து வேற வேற இடத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு உன்னோடு ஊரில் எங்கேயாவது போவது ஒரு பேஜாராகத்தான் இருந்தது. சும்மா எழுதவில்லை, நீயே நினைத்துப் பார். மளிகைக் கடையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பின்பக்கம் திருப்பி, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்தாய். கடைக்காரர் என்னிடம் ரகசியமாக, "பையன் எதுனா ஆபீசரா?" என்று கேட்டார். நானும், "ஆமாங்க, பிஸ்கட்டுக்கு மட்டும்" என்றேன். உன் கல்யாணத்துக்குப் பட்டு வேட்டி எடுக்கப் போனோம், பூச்சியைச் சுடுதண்ணியில் போட்டு எடுக்கிற நூல் என்று பருத்தியே எடுத்துக்கொண்டாய். தோல் செருப்பு வேண்டாம் என்றாய். இருமலுக்குத் தேன் கொடுத்தால் அதுவும் வேண்டாம் என்றாய். விழுப்புரத்தில் மேரி அத்தை மகள் கல்யாணத்தில் பிரியாணிப் பந்தியை விட்டுவிட்டுத் தனியாக உட்கார்ந்தாய். அத்தை பாவம், தேடி வந்து உன் சோற்றில் மோரை ஊற்றிவிட்டாள். நீ கையை எடுத்துவிட்டாய். அவள் பதறிப்போய், "ஐயோ, மோரு சைவம்தானடா! அய்யருங்களே குடிக்கிறாங்கடா! நீ இன்னா அவங்களுக்கும் மேலயா?" என்றாள். பந்தியே சிரித்தது. நீயும் சிரித்தாய். ஆனால் எழுந்து கை கழுவப் போனாய். அத்தை அன்றைக்கு முழுக்க எல்லோரிடமும், "நான் தெரிஞ்சா ஊத்தினேன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இங்கே அப்பனாக ஒரு வார்த்தை. நீ சாப்பிடாதது உன் இஷ்டம். ஆனால் ஊற்றினவளின் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்திரு. யார் வீட்டுக்குப் போவதானாலும் முந்தின நாளே சொல்லிவிடு, "எனக்கு இது இது ஆகாது, வெறும் சோறும் ரசமும் போதும், நெய் தாளிக்காதீங்க" என்று. சொல்லாமல் போய் இலையில் ஒதுக்கினால் சமைத்தவள் தான் ஏதோ பாவம் செய்துவிட்ட மாதிரி நிற்கிறாள். இன்னொன்று. மருமகள் அவள் அம்மா வீட்டுக்குப் போகும்போது தயிர் சாதம் சாப்பிடுகிறாள் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. நான் சொல்லவில்லை. யாரோ சொன்னால் என்றுதான் சொல்கிறேன்.

உங்கம்மா இதையெல்லாம் என்னைவிட ஜல்தியாகப் பிடித்துக்கொண்டாள். நீ வருகிறாய் என்றால் நல்லெண்ணெயில் தனியாகத் தாளிப்பாள். வாழைக்காயை மீன் துண்டு மாதிரி சாய்த்து வெட்டி, மீனுக்குப் போடுகிற மசாலாவையே தடவிப் பொரிப்பாள். நான் ஒரு துண்டு எடுத்தால் கையில் அடிப்பாள், "உங்களுக்கு நெத்திலி கீது, புள்ளையோடத எடுக்காதீங்க" என்று. ஒரு கிறிஸ்துமஸுக்கு முட்டையும் வெண்ணெயும் இல்லாமல் கேக் செய்கிறேன் என்று குக்கரில் வைத்தாள். கத்தி இறங்கவில்லை. நான், "இத வச்சி இன்னொரு ரூம் கட்டலாம்" என்றேன். நீ அதை டீயில், உன் டீயில்தான், நனைத்து நனைத்து முழுக்கச் சாப்பிட்டாய். அவள் உன்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்கடுத்த கிறிஸ்துமஸுக்கு அவள் இல்லை.

அவள் அடக்கம் முடிந்த அன்று சொந்தக்காரர்கள் சோறாக்கினார்கள். யார் யாரோ ஓடி ஓடிச் செய்தார்கள், நல்லவர்கள். உனக்கு என்ன ஆகும், ஆகாது என்று தெரிந்தவள் ஒருத்தி, அவளைத்தான் கொண்டுபோய் விட்டு வந்திருந்தோம். நீ இலையில் வெறும் சோறு வாங்கி, உப்புத் தண்ணி தெளித்துப் பிசைந்தாய். எதிர் வரிசையில் இருந்து நான் பார்த்தேன். எழுந்து போய் ஒரு வெங்காயம் நறுக்கி வைத்திருக்கலாம். அதுகூட எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்குத் தோன்றாதது அதற்குப் பிறகு தினமும் தோன்றுகிறது. அதிலிருந்து நீ வந்தால் தண்ணி மட்டும் குடிக்கிறாய். வருவதும் குறைந்துவிட்டது. நான் ஊருக்கெல்லாம் டீ ஆற்றிக் கொடுக்கிறேன், விக்கிரவாண்டி தாண்டிப் போகிற லாரிக்காரன்கூட என் டீக்காக வண்டியை நிறுத்துகிறான். என் பிள்ளை என் கையால் ஒன்று வாங்கிக் குடித்து எத்தனையோ காலமாகிவிட்டது.

சரி, அழுகிற கடிதம் இல்லை இது. விஷயத்துக்கு வருகிறேன்.

மருமகள் போன் வைத்த மறுநாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. பொங்கணும், வழியணும், அவ்வளவுதானே? மாடுதான் கொடுக்கணும் என்று யார் சொன்னது? முதலில் தேங்காய்ப் பால் எடுத்துக் காய்ச்சினேன். கொதி வந்ததும் திரிந்து திட்டுத் திட்டாக நின்றது, பொங்கவில்லை. பிறகு வறுத்த மல்லாட்டையை அரைத்தேன். அதைப் பாலாக்கி டீயில் ஊற்றி, சொல்லாமல் ஒரு டிரைவரிடம் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "மாஸ்டர், டீ நல்லாக்கீது. இட்லி எங்க?" என்றான். அப்புறம்தான் புத்தி வந்து, பச்சை மல்லாட்டையை ராத்திரி ஊறப்போட்டு, தோல் உரித்து, மிக்ஸியில் அரைத்து, உங்கம்மாவின் பழைய பருத்திப் புடவையில் ஒரு துண்டு கிழித்துப் பிழிந்தேன். வெள்ளை வெளேரென்று இறங்கியது தம்பி. ஆனால் அகலப் பாத்திரத்தில் வைத்தேன், கொதித்ததே தவிர எழும்பவில்லை. மறுநாள் கிண்டிக்கொண்டே நின்றேன், அப்போதும் எழும்பவில்லை. கிண்டாமல் விட்டேன், அடி பிடித்தது. இத்தனை வருஷம் பால் காய்ச்சினவன் நான், பாலில் ஏடு கட்டினால்தான் ஆவி அடைபட்டு மேலே தூக்கும் என்று தெரியும். அதே கணக்குதான் இதற்கும் என்று பிறகு விளங்கியது. வாய் குறுகின பாத்திரம் வேண்டும், கழுத்துவரை ஊற்றணும், சூடேறும் வரைக்கும்தான் கரண்டி, ஆவி வந்ததும் கரண்டியை எடுத்துவிடணும். தீயைக் கொஞ்சம் தூக்கி வைக்கணும்.

நேற்றுக் காலை ஏழுமலை பால் கேனோடு வந்தார். அவருக்கும் வயசாகிவிட்டது, மாடு குறைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சி, "இன்னா மாஸ்டர், கடையில மல்லாட்டை வாசனை? இன்னா பண்ணிக்கினு கீற?" என்றார்.

"உன் பொழப்புல மண்ணு அள்ளிப் போட்டுக்கினு கீறேன். சும்மா நில்லு."

"ஐயே, இதப் பாலுன்னு சொல்லி ஊர ஏமாத்தப் போறியா?"

"ஊர இல்ல. என் புள்ள வூட்டுல காய்ச்சப் போறேன்."

அவர் கேனைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு கிழவர்களும் ஒரு சின்னப் பாத்திரத்தை வெறித்துக்கொண்டு நின்றோம். ஒரு வாடிக்கையாளர் டீ கேட்டார், "இருய்யா!" என்று ஏழுமலையே அதட்டினார். முதலில் ஓரத்தில் நுரை கட்டியது. பிறகு நடுவில் கொஞ்சம் உப்பியது. உப்பினது அப்படியே நின்றது, போச்சு என்று நினைத்தேன். அப்புறம் ஒரே மூச்சில் எழுந்தது தம்பி. எழுந்து, கழுத்தைத் தாண்டி, வழிந்து, அடுப்பில் சொய்ங் என்று விழுந்தது. நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்றுகூடத் தெரியவில்லை.

ஏழுமலை ஆவலாக, "எந்தப் பக்கம் வழிஞ்சிச்சி? கெழக்கால வழிஞ்சா நல்லது, வடக்கால வழிஞ்சாலும் பரவால்ல" என்றார். பார்த்தோம். தெற்குப் பக்கம். அவர் முகம் சுருங்கிவிட்டது. "தெக்கால வழிஞ்சிருக்கே மாஸ்டர். ஆவாதே. இன்னொரு தபா வையேன்" என்றார்.

"வேணாம்ய்யா. என் புள்ள தெக்காலதான் கீறான்" என்றேன்.

அவர் ஒரு கிளாஸை எடுத்துக் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். ஒரு வாய் குடித்துப் பார்த்தார். "நல்லாத்தான் கீது" என்றார். அவர் மாட்டுப் பாலை அவரே அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறி, திருச்சிற்றம்பலம் கூட்ரோட்டில் இறங்கிவிடுவேன். நீ வண்டி எடுத்துக்கொண்டு வந்து நின்றால் போதும், வரவில்லை என்றால் ஷேர் ஆட்டோவில் வந்துவிடுவேன், வந்து உன் வீட்டு வாசலில் நின்று சத்தம் போடுவேன், அக்கம்பக்கத்தில் மானம் போகும், யோசித்துக்கொள். மல்லாட்டையை முந்தின ராத்திரியே ஊறவைத்துக் கொண்டுவருகிறேன். பாத்திரம் என்னிடம் இருக்கிறது. அடுப்பும் தீப்பெட்டியும் மட்டும் நீ வைத்திரு. உங்கம்மா இடத்தில் நின்று மருமகள் ஊற்றட்டும், நெருப்பு நான் வைக்கிறேன். எந்தப் பக்கம் வழிந்தாலும் எனக்குக் கவலையில்லை, நீ பக்கத்தில் நிற்பாய்.

பொங்கின பிறகு முதல் டம்ளர் உனக்கு. மாட்டிலிருந்து ஒரு சொட்டு கிடையாது. தேன் இல்லை. சர்க்கரையை வெள்ளையாக்குவதற்கு எலும்புக்கரி போடுவார்கள் என்று ஏதோ சொன்னாயே, அதனால் வெல்லம்தான், அதையும் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாங்கினேன். பிஸ்கட் ஆபீசர் மாதிரியே பார்த்தேன், கடைக்காரர் சிரித்தார். நீ வேண்டாம் என்று சொல்வதற்கு அதில் ஏதாவது இருக்கிறதா என்று நானும் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன் தம்பி. ஒன்றும் இல்லை.